தீர்த்தம் தெளித்த கம்ப்யூட்டர்

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு ஸ்டூடியோவில் நான் டைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாண கேசட் போட்டதும் முதலில் 'திருமண விழா' என்று வரும், அடுத்து மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் வரும். அதுதான் என் வேலை. கறுப்பு சார்ட்டில் வெள்ளை பெயின்ட் தொட்டுப் பிரஷ்ஷால் எழுதுவேன். அதைச் சுவரில் ஒட்டி, இரண்டு பக்கமும் லைட் வைத்து, கேமராவில் பிடித்துக் கேசட்டில் சேர்ப்பார்கள். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குக் கையெழுத்து நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்தால் கிடைத்த வேலை அது.

நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும் பெயரை எழுதுவதற்கு முன் ஏழு தடவை வாசிப்பேன், எழுதிய பிறகு இன்னும் ஏழு. எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் நான் அங்கே இருந்தவரை ஒரு பெண்ணின் பெயரிலும் எழுத்துப் பிழை வந்தது கிடையாது. இதை மட்டும் எந்த மேடையிலும் தைரியமாகச் சொல்வேன்.

1993 கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், ஸ்டூடியோ முதலாளி ஒரு கேசட்டோடு உள்ளே வந்தார். அவரை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். கேசட்டை டெக்கில் போட்டார். யாரோ ஒருவருடைய கல்யாணம். ஆங்கில எழுத்துகள் திரையின் ஒரு மூலையிலிருந்து பறந்து வந்து நடுவில் நின்றன.

"விழுப்புரத்துல ஒருத்தன் கம்ப்யூட்டர் வாங்கிக்கினு வந்து போடறான். நேத்து பொண்ணு வூட்டுக்காரரு நம்ம கேசட்டப் பாத்துட்டு இன்னா கேட்டாரு தெரியுமா? 'பேப்பர்ல எழுதி ஒட்டி இருக்கீங்களே'ன்னாரு. மானம் போச்சு."

"அது இங்கிலீஷ்ல இல்ல இருக்குது அண்ணா."

"இங்கிலீஷோ இந்தியோ, பறக்குதா இல்லியா?"

அவர் டெக்கை நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மார்கழி போவட்டும். தை மொத கல்யாணத்துலேர்ந்து டைட்டில் விழுப்புரத்துக்குத்தான் அனுப்பப் போறேன். நீ ஆல்பம் ஒட்டிக்கினு இரும்மா."

ஆல்பம் ஒட்ட ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். இரண்டு பேருக்கு அங்கே வேலை கிடையாது என்பது அண்ணாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு மாதம் பொறுத்து, 'வூட்ல இரும்மா, வேணும்னா கூப்புடறேன்' என்பார். கூப்பிட மாட்டார். நான் பிரஷ்களைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தப் பிரஷ்களுக்கு அப்பால் எனக்குத் தெரிந்த வேலை எதுவும் இல்லை.

அக்கா குயிலாப்பாளையத்தில் இருந்தாள். ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் சமையல். அந்த அம்மா ஊருக்கே திரும்பிப் போகப் போகிறார் என்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக வேலைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து நான் அக்கா வீட்டுக்குப் போனபோது மிக்ஸி, இரண்டு நாற்காலி, ஒரு பெரிய குடை எல்லாம் கூடத்தில் கிடந்தன. நான் விழுப்புரம் கேசட்டைப் பற்றிச் சொல்லி அழுதேன். அக்கா எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள்.

"இது கூட கம்ப்யூட்டராம்டி. யாரும் தொடல. தூக்கிப் போட்ருன்னாங்க, நான்தான் எடுத்துக்கினு வந்தேன்."

உள்ளே இருந்தது ஒரு கறுப்புப் பலகை. ஜெப புத்தகம் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. அதன்மேல் அழி ரப்பர் மாதிரி மெத்தென்ற சாம்பல் நிறப் பொத்தான்கள். திரை கிடையாது.

"டிவி எங்கக்கா?"

"நம்ம டிவியிலயே மாட்டிக்கணுமாம். எழுதினத டேப்ரிகார்டர்ல புடிச்சு வெக்கணுமாம். பத்து வருசத்துப் பழசு, இப்ப யாரும் வெச்சுக்கறதில்லியாம். கால்குலேட்டர் ஊதிப்போன மாதிரி இருக்கு, இத்த நம்பி அழுகைய நிறுத்தறியா?"

நிறுத்தினேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். கூடவே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம்.

மார்கழியில் இந்துக்களுக்குக் கல்யாணம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் எங்கள் கோயிலிலும் கல்யாணம் இல்லை. ஸ்டூடியோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களைத் தவிர ஆளே கிடையாது. எடிட்டிங் அறையில் இருந்த பழைய கலர் டிவியைப் பயன்படுத்திக்கொள்ள அண்ணாவிடம் அனுமதி கேட்டேன்.

"டிவி வெடிச்சா நான் பொறுப்பில்ல" என்றார். "எனக்கும் அதாங்க பயம்" என்றேன்.

பிளக்கை எலக்ட்ரிக்கல் கடையில் கொடுத்து மாற்றினேன். ஒயரை டிவியின் ஆன்டெனா ஓட்டையில் செருகி, முன்னால் சின்னக் கதவுக்குள் இருக்கும் சக்கரத்தைத் திருப்பினேன். புள்ளி மழை, மேலும் மழை. அரை மணி நேரம் கழித்துச் சட்டென்று மழை நின்று, திரை முழுக்க வெள்ளையாக, அடியில் ஒரு வரி ஆங்கிலத்தோடு அமைதியானது. நான் சுவிட்சை அணைத்துவிட்டேன். கெட்டுப்போயிற்று என்று நினைத்தேன். புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று புரிந்தது.

அடுத்த பயம் உடனே வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஓர் எழுத்து வர வேண்டும் அல்லவா? ஒரு முழு வார்த்தை வந்து விழுந்தது. இன்னொன்றை அழுத்தினேன், இன்னொரு வார்த்தை. பேய் பிடித்த மாதிரி அதுவே பேசியது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகள் எல்லாம் ஒவ்வொரு பொத்தானிலும் முழுசாக எழுதியே இருக்கின்றன என்று. எனக்கு ஆங்கில ஸ்பெல்லிங் வராது. இந்தப் பெட்டியில் ஸ்பெல்லிங் தேவையே இல்லை. எனக்காகவே யாரோ செய்து அனுப்பியது போல இருந்தது.

தப்பாக எதையாவது தட்டினால் திரையின் அடியில் திட்டும். ஒருமுறை திட்டிய வார்த்தையை அகராதியில் பார்த்தேன். 'பிதற்றல்' என்று போட்டிருந்தது. முதலில் ரோஷம் வந்தது. நாலு நாளில் பழகிவிட்டது. பிதற்றல் என்றால் எங்கோ ஒரு புள்ளியையோ கமாவையோ விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஏழு தடவை வாசிக்கிறவளுக்கு அதைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. என் சுபாவத்துக்கு ஏற்ற தொழில் உலகத்தில் ஒன்று இருக்கிறது என்று முதன்முதலாக அப்போதுதான் தோன்றியது.

ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனபோது ஒரு பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு படம். குறுக்கே எட்டு, நெடுக்கே எட்டு. சில கட்டங்கள் நிரம்பியும் சில காலியாகவும் இருந்தன. எனக்கு வேண்டிய உருவத்தை நானே செய்துகொள்ளலாம் என்கிற பக்கம் அது. ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. படம் முழுக்கப் புரிந்தது. ஏனென்றால் அதை நான் பதின்மூன்று வயதிலேயே செய்திருக்கிறேன்.

கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் மேட்டித் துணியில் கிராஸ் தையல் போடுவோம். துணியே கட்டம் கட்டமாக நெய்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியால் ஒரு பெருக்கல் குறி. எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேல் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் 'இயேசுவின் திரு இருதயமே' நான் தைத்ததுதான். 'தி'யின் சுழியைக் கட்டத்துக்குள் எப்படி வளைப்பது, 'ரு'வின் வாலை எங்கே திருப்புவது என்பதெல்லாம் என் விரலுக்குத் தெரியும். அன்றே கடையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கினேன்.

எண்கள்தான் கொஞ்சம் மிரட்டின. ஒரு வரிசையின் எட்டுக் கட்டத்துக்கும் இடமிருந்து வலமாக ஆளுக்கொரு எண்: 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரம்பிய கட்டங்களின் எண்களைக் கூட்டினால் அந்த வரிசை முடிந்தது. இப்படி எட்டு வரிசை. பெருக்கல் இல்லை, வகுத்தல் இல்லை. வெறும் கூட்டல். முதலில் 'ப' செய்தேன். மூன்று கோடுதானே. பத்து நிமிடத்தில் திரையின் இடது மூலையில் அரிசி அளவில் ஒரு 'ப' உட்கார்ந்தது. நான் கூப்பிட்டுக் காட்டியதும் அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ப" என்றார்.

"ஆமாங்கண்ணா."

"பறக்குமா?"

"நிக்கட்டுமே மொதல்ல."

'ண' எட்டுக் கட்டத்தில் அடங்கவில்லை. மேட்டித் துணியிலும் அது அடங்காத எழுத்துதான். இரண்டு உருவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்து ஓர் எழுத்தாகப் போட்டேன். அப்படிப் போட்டதும் அடுத்த சிக்கல்: ஒரு சமயத்தில் இருபத்தொரு உருவங்கள் மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றது புத்தகம். பத்து எழுத்துக்கு மேல் போகாது. நம் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கே அது போதாது. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள், ஏதோ ஆத்திரத்தில், திரையில் 'ம' இருக்கும்போதே அதன் எண்களை மாற்றி 'வி' ஆக்கினேன். புதிதாக எழுதினால் 'வி' வந்தது. ஆனால் ஏற்கெனவே விழுந்திருந்த 'ம' மாறாமல் அப்படியே இருந்தது. திரையில் விழுந்தது விழுந்ததுதான்! அப்படியானால் இரண்டே இரண்டு உருவம் போதும். ஓர் எழுத்தைப் போடு, உருவத்தை அழி, அடுத்த எழுத்தைச் செய், பக்கத்தில் போடு. எத்தனை நீளப் பெயராக இருந்தால் என்ன? அன்று மதியம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

எல்லாம் நன்றாகப் போனால் எனக்குச் சந்தேகம் வரும். பழைய சாமான், யார் யாரோ வைத்திருந்தது, தை வரைக்கும் தாங்குமா என்று ஓர் அரிப்பு. எங்களில் புது ஸ்கூட்டர், புது தையல் மிஷின் எதுவானாலும் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்துத்தான் எடுப்போம். ஜனவரி முதல் வெள்ளிப் பூசைக்குப் பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். பூசை முடிந்ததும் பங்கு சாமியாரின் முன்னால் துணியை விலக்கினேன்.

"இன்னாம்மா இது, ரேடியோவா?"

"கம்ப்யூட்டருங்க ஃபாதர்."

"படிக்கவா?"

"கல்யாணத்துக்குங்க."

"சீதனமா?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சீதனம் இல்லை, வேலை போகப் போகிறது, இது ஓடினால்தான் நிற்கும் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு உண்மையாகவே மனமிறங்கி ஜெபித்தார். மனமிறங்கியதால்தானோ என்னவோ, கை நிறைய இறங்கியது தீர்த்தம். லாரியை மந்திரிக்கிற அளவு. ரப்பர் பொத்தான்களுக்கு நடுவில் குட்டை குட்டையாக நின்றது. ஆசீர்வாதத்தைத் துடைக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. துடைக்காமல் அப்படியே துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டூடியோவில் மாட்டினால் பாதிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை.

என் வாழ்நாளில் நான் பட்ட பயங்களில் பாதி நடக்கவே இல்லை. இது நடந்தது. ஆச்சரியம் என்னவென்றால், நடந்த பிறகு எனக்குப் பயம் இல்லை. கைகள் தாமாக வேலை பார்த்தன. பெட்டியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தேன். டிவியை ஓடவிட்டு அதன் தலைமேல் வைத்தேன். டிவியின் தலை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு நாள் அங்கேயே காய்ந்தது. "இன்னாம்மா, மந்திரிச்ச மிஷினு மயக்கமா கெடக்குது?" என்று அண்ணா போகும்போதும் வரும்போதும் கேட்டார். மூன்றாம் நாள் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஒன்றைத் தவிர. எண் எட்டு மட்டும் செத்துவிட்டது.

எட்டு இல்லாமல் 128 எப்படி எழுதுவது? 8 எப்படி? கணக்கு நோட்டில் பாதி எண்களில் எட்டு இருந்தது. நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, திட்டினால் திட்டட்டும் என்று 127+1 என்று தட்டினேன். அது திட்டவில்லை. அதுவே கூட்டிக்கொண்டது. 8 வேண்டிய இடத்தில் 7+1. 28 வேண்டிய இடத்தில் 27+1. நோட்டில் எட்டு வந்த இடங்களையெல்லாம் சிவப்புப் பேனாவால் மாற்றினேன். இப்போது விழுப்புரத்தில் என் சொந்தக் கடையில் லேப்டாப் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன், எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் கைநடுக்கம் இல்லாமல் பிரித்துப் பார்க்கிறேன். ஆனால் எட்டை அழுத்தப் போகும்போது மட்டும் விரல் இன்றைக்கும் ஒரு கணம் யோசிக்கும்.

கரண்டை நிறுத்தினால் பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடும். அதனால் எழுதியதை டேப்ரிகார்டரில் பிடித்து வைக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது டேப்ரிகார்டரின் சத்தம் கூடினாலும் ஏறாது, குறைந்தாலும் ஏறாது. சரியான இடத்தைக் கண்டுபிடித்து, வால்யூம் திருகில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். ஒரே விஷயத்தை மூன்று கேசட்டில் பிடித்து, ஒன்றைக் கைப்பையில், ஒன்றை மேஜையில், ஒன்றை வீட்டு பீரோவில் வைத்தேன்.

தை பிறந்தது. முதல் முகூர்த்தத்தில் ஊருக்குள்ளேயே ஒரு கல்யாணம். கேசட் தயாரானதும் அண்ணா அதை ஒரு மஞ்சப்பையில் போட்டு மேஜைமேல் வைத்தார். நாலு மணி பஸ்ஸில் விழுப்புரம் போகப் போகிறார் என்று அர்த்தம்.

"அண்ணா, என்னுது ரெடி. ஒரு தபா பாத்துட்டுப் போங்க."

"பொண்ணோட அப்பா மூணு மணிக்கு வர்றாரு. அவரே பாக்கட்டும். அவருக்குப் புடிச்சா சரி. இல்லன்னா நான் பஸ் ஏறிக்கினே இருப்பேன், நீ ஒண்ணும் சொல்லக் கூடாது."

சரி என்றேன். பெண்ணின் அப்பா மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டார். பட்டு வேட்டி கலையாத மனிதர், ஊரில் அரிசி மண்டி வைத்திருந்தவர். நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் ஏற்றி வைத்து, கடைசிப் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினேன். கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது. நான் செய்து வைத்திருந்தது எல்லாம் பெட்டியிலிருந்து ஆவியாகிவிட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எப்ப வரும்?" என்றார் அவர்.

"வந்துருங்க" என்றார் அண்ணா, மஞ்சப்பையைப் பார்த்தபடி.

மூன்றேமுக்காலுக்குத்தான் வந்தது. நான் மேஜையிலிருந்த கேசட்டை டேப்ரிகார்டரில் போட்டு, சிவப்புப் பொட்டு மேலே இருக்கிறதா என்று பார்த்து, ஓடவிட்டேன். கீ என்று நீளமாக ஒரு கூச்சல், பிறகு தகரத்தில் ஆணியால் கீறுவது போன்ற சத்தம் அறையை நிரப்பியது. பெண்ணின் அப்பா காதைப் பொத்தினார்.

"இன்னாம்மா, பாட்டு கேசட்டு சிக்கிக்கிச்சா? நிறுத்தும்மா, பேஜாரு!"

"சிக்கலீங்க. அது இப்பிடித்தான் படிக்கும்."

"யாரு படிக்கிறது?"

"கம்ப்யூட்டருங்க."

"படிக்கிதா, கத்துதா?" என்று அவர் அண்ணாவிடம் கேட்டார். அண்ணா கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து மஞ்சப்பையின் காதைப் பிடித்தார். அந்த நான்கு நிமிடமும் நான் அவரைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தில் ஓடும் வண்ணக் கோடுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு ஓடினால் ஏறுகிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சத்தம் நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன்.

திரை கறுத்தது. மஞ்சள் நிறத்தில் 'தி' வந்து உட்கார்ந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பக்கத்தில் 'ரு'. அது அடுத்த எழுத்தின் உருவத்தைச் செய்துகொள்ள எடுக்கும் நேரம்தான் அந்த இடைவெளி. எனக்கு அது குறையாகவே இருந்தது, எவ்வளவு முயன்றும் வேகமாக்க முடியவில்லை. 'ம'. 'ண'. மாப்பிள்ளை பெயர் முடிந்து பெண்ணின் பெயர் தொடங்கியபோது, அவள் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். பெண்ணின் பெயரில் ஒரு 'ழ' உண்டு. அந்த 'ழ'வுக்காக நான் கட்ட நோட்டில் ஒன்பது பக்கம் செலவழித்திருந்தேன். அது வந்து விழுந்ததும் அவர் வாய்விட்டு அந்த எழுத்தைப் படித்தார். அடுத்ததையும், அதற்கு அடுத்ததையும். முதல் வகுப்பில் பிள்ளைகள் படிப்பது போல மகளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தார்.

"யாரோ உள்ளாரேர்ந்து எழுதற மாதிரி இருக்குதே" என்றார். "இன்னொரு தபா போடும்மா."

போட்டேன்.

"பறக்கலியேங்க" என்று அண்ணா மெல்லச் சொன்னார். "விழுப்புரத்துல போட்டா சர்ருனு பறந்து வரும்."

"எதுக்குப் பறக்கணும்? பறந்தா நான் எப்பிடிப் படிக்கிறது? இதயே போடுங்க. வூட்ல எல்லாரும் பாக்கணும்."

வெளியே விழுப்புரம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று. அண்ணா மஞ்சப்பையிலிருந்து கல்யாண கேசட்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். பையை நாலாக மடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி பிரித்து அதற்குள் கையை விட்டு, அடுத்த வாரக் கல்யாணத்தின் பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"மாப்பிள்ள வூட்ல எல்லாம் நீளமான பேருங்கம்மா. கொள்ளுமா?"

"எவ்ளோ நீளமானாலும் கொள்ளுங்கண்ணா" என்றேன். பத்திரிகையை வாங்கி முதல் தடவை வாசித்தேன். இன்னும் ஆறு தடவை பாக்கி இருந்தது.